பெரியநாயகியின் மேல்தாடை

மார்ச் 4

இன்று மேல்தாடையைப் படம் எடுத்தார்கள். ஒரு கம்பியைக் கடித்தபடி நிற்கச் சொன்னார்கள். இயந்திரம் தலையை ஒரு சுற்று சுற்றி வந்தது.

டாக்டர் நஸ்ரின் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். சின்ன வயது, பொறுமையான பெண். "வலது பக்கம் பாருங்க, எலும்பு எவ்ளோ தடியா இருக்கு. இடது பக்கம் அப்பளம் மாதிரிதான் இருக்கு. இதுல பல்லு வைக்கிற திருகு நிக்காது" என்றார். பல் போன இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை, அதனால் கரைந்துவிடுமாம். அதற்கு மேலே மூக்கை ஒட்டி ஒரு காற்றறை இருக்கிறதாம். எலும்பு கரையக் கரைய அந்த அறை கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ளுமாம். அந்த அறையின் தரையை மேலே தூக்கி, அடியில் எலும்புத் தூள் நிரப்பி, அது கெட்டிப்பட ஆறு மாதம் காத்திருந்து, அப்புறம்தான் திருகு, அதற்கு மேல் பல்.

"பல் விழுந்து எத்தனை வருஷம் ஆச்சும்மா?"

"நாலஞ்சு இருக்கும்" என்றேன். பதினைந்து.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"வீட்லதான்."

வேறென்ன சொல்வது? நான் டப்பிங் பேசுகிறவள். இரவு எட்டு மணித் தொடரில் வருகிற மாமியார் பெரியநாயகிக்கு நாலு வருஷமாக நான்தான் குரல். முகம் மைசூரிலிருந்து வரும் வினுதாவுடையது. அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, அவர் வாயசைப்பார். அப்புறம் நான் போய் அந்த வாயில் வசனத்தை ஒட்டுவேன். குரலை விற்றுப் பிழைக்கிறவளுக்குப் பல் போயிற்றென்று தெரிந்தால் மறுநாளே வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

போன வாரம் தெரிந்துவிடப் பார்த்தது. கழற்றி மாட்டுகிற பல் செட்டைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பற்களும் ஆட ஆரம்பித்துவிட்டன. 'சொந்த சகோதரி' என்று ஒரு வசனம், இரண்டு 'ச'விலும் விசில் அடித்தது. டப்பிங் இன்சார்ஜ் கனகசபை கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, மைக்ல ஏதோ காத்து வருது" என்றான். "ஏசியா இருக்கும்" என்றேன். ஏசியை அணைத்தான். எல்லோரும் வேர்த்து வழிந்தோம். விசில் அப்படியே இருந்தது. அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 7

தொடர்களில் ஒரு நடிகர் துபாய் போனால் அவர் பாத்திரத்தைக் கோமாவில் போட்டுவிடுவார்கள். நடிகைக்குக் கல்யாணம் என்றால் காசி யாத்திரை. குரல் கொடுக்கிறவளுக்காக இதுவரை யாரும் கதையை மாற்றியதில்லை.

வாழைப்பூ வடை சுட்டு எடுத்துக்கொண்டு வசனம் எழுதுகிற பழனிவேலின் அறைக்குப் போனேன்.

"பழனி, பெரியநாயகி வர வர ரொம்பக் கத்துறாப்பா. எங்க வீட்டுக்காரரே சவுண்டக் குறைச்சு வச்சுப் பாக்குறார்."

"அவ கேரக்டரே கத்துறதுதானேக்கா?"

"அதுவும் சரிதான். ஆனா கத்துறவ திடீர்னு வாயே தொறக்கலைன்னு வையி, வீடே நடுங்கும். இல்ல?"

மூன்றாவது வடையை மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான். "அக்கா, எனக்கு ஒண்ணு தோணுது."

"என்னப்பா?"

"மௌன விரதம்! மருமக சரஸ்வதி சாவிக்கொத்தத் திருப்பித் தர்ற வரைக்கும் பேசமாட்டேன்னு பெரியநாயகி சத்தியம் பண்றா. எப்பிடி?"

"அடேங்கப்பா! உனக்கு மட்டும் எப்பிடிப்பா இதெல்லாம் தோணுது?" என்றேன்.

மார்ச் 19

ஆபரேஷன் முடிந்தது. ஆடிக்கொண்டிருந்த இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். இனிமேல் பழைய செட்டை மாட்டவும் வழியில்லை.

மரத்துப்போகிற ஊசி போட்டபின் எலும்பில் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டினார். முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோல் மாதிரி ஒன்று அந்த அறைக்குள் இருக்குமாம். அதைக் கிழியாமல் தூக்குவதுதான் வித்தை என்றார். தூக்கியபின் தூளை நிரப்பித் தைத்தார். மாட்டு எலும்பிலிருந்து எடுத்த தூள். "உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று முன்னாடியே கேட்டிருந்தார். எந்த ஊர் மாடோ, வந்து என் வாயில் குடியேறியிருக்கிறது. வாடகை கேட்காமல் இருந்தால் சரி.

மூக்கைச் சிந்தக் கூடாது. உறிஞ்சக் கூடாது. ஸ்ட்ரா வைத்துக் குடிக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். "காத்து அழுத்தம்தான் எதிரி" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

மார்ச் 20

முகம் பூசணிக்காய். கஞ்சி.

மார்ச் 31

நான் அந்தத் தொடரைப் பார்ப்பதில்லை. இவர் பார்க்கிறார். வீட்டில் இருப்பது ஒரே கூடம், ஒரே டிவி என்பதால் கண்ணில் படுகிறது.

பெரியநாயகி சத்தியம் பண்ணிவிட்டாள். ஊஞ்சலில் உட்கார்ந்து முறைக்கிறாள். சரஸ்வதி கொண்டுவந்து வைத்த காபியைக் கண்ணாலேயே தள்ளிவைத்தாள்.

"ரஞ்சி, இந்தம்மா வாய மூடினப்புறம் என்னமா நடிக்குது பாரேன்!" என்றார் இவர். முழுப்பெயர் மனோரஞ்சிதம். இவருக்கு மட்டும் ரஞ்சி. முப்பது வருஷம் ஸ்டுடியோக்களில் லைட் பிடித்தவர், நடிப்பைப் பற்றி அபிப்பிராயம் இல்லாமல் இருக்க முடியாது. சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்று உறைத்தது. "உன் கொரலும் இருந்தா இன்னும் எடுப்பா இருக்கும்" என்றார்.

"சரி சரி, பாருங்க" என்றேன். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. சட்னிக்குத் தாளிக்க மறந்துவிட்டேன், அது வேறு விஷயம்.

ஏப்ரல் 10

கனகசபை போன் பண்ணினான். "அக்கா, தொண்டை எப்படி இருக்கு?" தொண்டையில் கோளாறு என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

"பரவால்லப்பா."

"நாளைக்கு ஒரு சீன் இருக்கு. வசனம் கெடயாது. பெரியநாயகி பூஜை ரூம்ல தனியா அழறா, அவ்ளோதான். முடியலைன்னா சொல்லுங்க, புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, அத வச்சு எடுத்துக்கறேன்."

"வர்றேன்" என்றேன்.

ஏப்ரல் 11

அழுகையில் இரண்டு வகை உண்டு. தொண்டையால் அழுவது சுலபம், யாரும் நம்பமாட்டார்கள். மூக்கால் அழுவதுதான் வீட்டில் இருப்பவர்களை முந்தானையை எடுக்க வைக்கும். என்னை இந்தத் தொழிலில் வைத்திருப்பது அந்த இரண்டாவது வகை.

முதலில் தொண்டையால் அழுதேன்.

"அக்கா, இது பெரியநாயகி அழுகை இல்லியே" என்றான் கனகசபை. "மாத்திரை தொண்டைல சிக்கினாப்ல இருக்கு."

அந்தப் பெண் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். லட்சணமான பெண். பல்வரிசை முத்து முத்தாக இருந்தது.

"இன்னொரு டேக் போலாம்" என்றேன். திரையில் வினுதா தலையைக் குனிந்து தோளைக் குலுக்கியபோது மூக்கை உறிஞ்சி, நிறுத்தி, மறுபடி உறிஞ்சி அழுதேன். ஒரே டேக். அந்தப் பெண், "மேடம், எனக்கே அழுகை வந்திருச்சு" என்றாள். சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஏப்ரல் 12

காலையில் முகம் துடைத்தபோது துண்டில் கொஞ்சம் ரத்தம். கூடவே வெள்ளையாக, ரவை மாதிரி.

துண்டை நானே துவைத்துப் போட்டேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, பாயசம். இவர் இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொண்டார். இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு?

ஏப்ரல் 16

டாக்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தும்முனீங்களா?"

"ஆமா."

"வாய மூடிட்டா?"

"ஆமா."

"ஒரு தும்மலுக்கு இவ்ளோ போகாதே."

"பெரிய தும்மல்" என்றேன்.

உள்தோல் கிழிந்துவிட்டது. போட்ட தூளில் பெரும்பங்கு போய்விட்டது. மிச்சத்தைச் சுத்தம் பண்ணி, ஆறவிட்டு, ஜூன் கடைசியில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். இந்த முறையும் போனால் அந்தப் பக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிவிடுவேனோ என்று பயந்து அழவில்லை.

மே 6

"நீ எப்போ தும்முனே? எனக்குக் கேக்கவே இல்லியே" என்றார் இவர், சாப்பிட்டுக்கொண்டே.

"உங்களுக்கு எதுதான் கேட்டுது?" என்று ரசத்தை ஊற்றினேன்.

ஜூன் 24

இரண்டாம் முறை. ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, நான் மறுபடி மொதல்லருந்து பண்ணப்போறேன். இப்பவாவது சொல்லுங்க. என்ன பண்ணீங்க?"

சொல்லிவிட்டேன். என்ன தொழில், யாருக்குக் குரல், எப்படி அழுதேன், எல்லாம்.

"பெரியநாயகியா? எங்க உம்மா தினம் சாபம் விடுறது உங்களுக்குத்தானா!" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "இனிமே ஆறு மாசத்துக்கு அந்தம்மா அழக் கூடாது. புரியுதா?" என்றார். தலையை ஆட்டினேன்.

ஜூலை 9

கனகசபை கூப்பிட்டான். மறுபடி அழுகை. பெரியநாயகியின் பேரன் காணாமல் போய்விட்டானாம். ஊரில் இல்லை என்றேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது. அவனுக்குக் கேட்டிருக்கும்.

ஜூலை 17

அந்தப் பெண் அழுதிருக்கிறாள். விக்கலுக்கும் அழுகைக்கும் நடுவே ஏதோ ஒன்று. இவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

ஆகஸ்ட் 18

விரதம் முடியப்போகிறது. செப்டம்பரில் ஒரு மணி நேரச் சிறப்புக் காட்சி. பெரியநாயகி வாயைத் திறக்கிறாள். பழனிவேல் போனில் வசனத்தைப் படித்துக் காட்டினான்.

"சரசு... சாவிய நீயே வச்சுக்கோ. இனிமே இந்தச் சம்சாரம் உன் பொறுப்பு. சந்தோஷமா சொல்றேன்."

"எப்பிடிக்கா?"

"நல்லாருக்கு" என்றேன். படுபாவி, ஊரில் இருக்கிற 'ச' எல்லாவற்றையும் பொறுக்கி இந்த ஒரு வசனத்தில் போட்டிருக்கிறான். இடது மேல்வரிசையில் முன்பல்லை ஒட்டியே காலி. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். காற்று போன சைக்கிள் ட்யூப்.

எலும்பு கெட்டிப்பட டிசம்பர் கடைசி ஆகும்.

சாயங்காலம் கனகசபை. "அக்கா, டைரக்டர் அந்தப் பொண்ணையே பேச வச்சுப் பாக்கலாம்னு சொல்றார். நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது."

"தாராளமா வச்சுப் பாருங்க" என்றேன்.

நாலு வருஷமாக நான் வசனத்தை ஒட்டிய வாய் அது. எந்தச் சொல்லுக்கு எந்தப் பக்கம் கோணும், எங்கே மூச்சு வாங்கும் என்று அந்த அம்மாவுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். இப்போது வேறொருத்தி பேசப்போகிறாள். வயிறு எரிகிறது. இவரிடம்தான் சொல்ல முடியாது, இங்கே எழுத என்ன வெட்கம்?

ஆகஸ்ட் 27

தெரியாத நம்பர். "மனோரஞ்சிதம் அம்மாதானா? நானு வினுதா."

நாலு வருஷத்தில் இந்த அம்மாவும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் நடிக்கிற இடம் வேறு, நான் பேசுகிற இடம் வேறு. போனில் அந்தக் குரலைக் கேட்டபோது யாரோ போலத்தான் இருந்தது. மெல்லிசாக, சின்னப் பெண் குரல்.

"பேசவே இல்ல ஆறு மாசம். இப்போ திடீர்னு பேசணும். எப்படி வாயசைக்கிறது தெரியல்ல அம்மா. ப்ராம்ப்டர் பையன் சொல்றான், ஆனா அது பெரியநாயகி இல்ல."

"நீங்க எப்பவும்போல அசைங்கம்மா. பேசறவங்க பாத்து ஒட்டிப்பாங்க" என்றேன். பேசப்போவது நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல இல்ல. இத்தனை நாள் நானு முன்னாடி அசைச்சேன், நீங்க பின்னாடி வந்தீங்க. இந்த ஒரு தடவை நீங்க முன்னாடி பேசுங்க. போன்ல பேசி அனுப்புங்க. நானு கேட்டுக் கேட்டு அசைக்கிறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28

காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பேசிப் பார்த்தேன். பல் இருக்கிறவள் மாதிரி பேசினால் பொய்யாக இருக்கிறது. நாக்கை உள்ளே இழுத்துப் பேசினால் மிளகாய் கடித்தவள் மாதிரி இருக்கிறது. கடைசியில் வெறுத்துப்போய், எப்படி வருகிறதோ அப்படியே பேசினேன். 'சரசு' ஒரு பக்கமாக வழுக்கியது. 'சந்தோஷமா'வில் பாதி காற்று. கேட்கச் சகிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன். எப்படியும் வேறொருத்தி பேசப்போகிற வசனம், என் மானம் போனால் மைசூர்வரைதான் போகும்.

ஒரு மணி நேரம் கழித்து வினுதா கூப்பிட்டார்.

"ரொம்ப நாள் பேசாத வாய், தடுக்குது இல்லியா? எவ்வளவு சரியா பிடிச்சிருக்கீங்க!"

பல் போய்விட்டதென்று புரிந்துகொண்டு சொன்னாரா, புரியாமல் சொன்னாரா, தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 12

மத்தியானம் கனகசபை போன். குரலில் எரிச்சல்.

"அக்கா, காலைலருந்து அந்தப் பொண்ணு பேசுது. வசனம் வாய்ல உக்காரவே மாட்டேங்குது. வினுதா மேடம் வாய என்னமோ கோணலா அசச்சு வச்சிருக்காங்க. எந்த 'ச'வும் அது இருக்கற எடத்துல இல்ல. தெளிவாப் பேசப் பேச ஒட்டமாட்டேங்குது. ஒருதரம் வந்து பாருங்களேன்."

சமையலைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். அந்தப் பெண் களைத்துப்போய்ச் சோபாவில் சாய்ந்திருந்தாள். பாவமாகத்தான் இருந்தது.

திரையில் வினுதா வாயைத் திறந்தார். 'சரசு' ஒரு பக்கமாக வழுக்கியது. என் 'சரசு' அது. நான் எங்கே மூச்சை விட்டேனோ அங்கே விட்டார். எங்கே தடுக்கினேனோ அங்கே தடுக்கினார். நான் ஒட்டவே வேண்டியிருக்கவில்லை. பேசினேன், அவ்வளவுதான்.

அப்புறம் கனகசபை, "உக்காந்திருச்சுக்கா" என்றான்.

செப்டம்பர் 21

சிறப்புக் காட்சி. இவர் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். சிந்தக் கொடுத்துவைத்தவர்.

அக்டோபர் 3

சிறப்புக் காட்சியை ஊரே பேசுகிறதாம். கனகசபை நேரிலேயே வந்துவிட்டான். காபி குடித்தபின் டம்ளரைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தான்.

"டைரக்டர் சொல்லச் சொன்னார்க்கா. அந்தத் தடுமாத்தம்தான் ஹிட்டு. பெரியநாயகி மனசு மாறினதுக்கு அதுதான் அடையாளம்ங்கறார். இனிமே அவ அப்பிடித்தான் பேசணுமாம், கடைசி எபிசோடு வரைக்கும்."

"சரிப்பா."

"அதனால... பல்லு கில்லு ஏதும் கட்டிடாதீங்க."

இவனிடம் நான் பல்லைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

"எப்பலருந்து தெரியும் உனக்கு?"

"ஏசியா இருக்கும்னு சொன்னீங்களே, அன்னிக்கே" என்றான்.

டிசம்பர் 19

படம். டாக்டர் விரலை வைத்துக் காட்டினார். அப்பளமாக இருந்த இடத்தில் வெள்ளையாக, திடமாக, எலும்பு. எது என்னுடையது, எது மாட்டினுடையது என்று இனிமேல் பிரித்துச் சொல்ல முடியாதாம். "ஜோரா கட்டியிருக்கு. திங்கக்கிழமை விட்டு அடுத்த திங்கள் திருகு போட்டுடலாம். மேல பல் ஏற இன்னும் மூணு நாலு மாசம்."

கிழித்து, தைத்து, மறுபடி கிழித்து, அழாமல், சிந்தாமல், ஒருக்களித்துப் படுக்காமல் வளர்த்த எலும்பு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது.

டிசம்பர் 24

"இப்ப என்னதான் பண்ணப்போறே?" என்றார் இவர். "பல்லு வச்சா வேல போயிடும். வேல வேணும்னா வாயி இப்பிடியேதான் கெடக்கும். எது வேணும் உனக்கு?"

"ரெண்டும்."

"பேராசை."

"ஆமா" என்றேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மென்று மென்று அந்தத் தாடை வலிக்கிறது, அதுவும் உண்மை. இன்னும் நாற்பது எபிசோடில் தொடர் முடிந்துவிட்டால் அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள், அதுவும் உண்மை.

டிசம்பர் 29

நாற்காலியைச் சாய்த்து விளக்கை முகத்துக்கு நேரே இழுத்தார்கள். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். பல்லு வந்தப்புறம், நான் நெனச்சா இப்ப மாதிரியே தடுக்கிப் பேச வருமா?"

"எல்லாரும் தெளிவாப் பேச வருமான்னுதான் கேப்பாங்க. நீங்க என்னம்மா!"

"வருமா, வராதா?"

"பல்லு வைக்கிறது என் வேலை. பேசறது உங்க சாமர்த்தியம்" என்றார்.

இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை நாயகிகளுக்குப் பிரசவ வலி கத்திக் கொடுத்திருக்கிறேன்! சுகப் பிரசவம், இரட்டைப் பிள்ளை, நட்டநடுச் சாலையில் ஆட்டோவில் பிறந்த பிள்ளை. திரையரங்கில் இருந்த தாய்மார்களெல்லாம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார்களாம். நான் ஒன்றுகூடப் பெற்றதில்லை.

பல்லை வைத்துக்கொண்டு பல்லில்லாதவளாகப் பேசுவது எனக்கு ஒரு வேலையா?

"போடுங்க டாக்டர்" என்று சொல்லி வாயைத் திறந்தேன்.